நிறைவேறிய சட்டத்தை வினவ முடியாத அரசியலமைப்பு

புதிய அரசியலமைப்பு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையும் அதிகாரப் பகிர்வுமே விவாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அவை முக்கியமானவையே. ஆயினும், 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அதிகம் பேசப்படாத 80(3) ஆவது உறுப்புரையும் தமிழ், முஸ்லிம் மக்களின் வாழ்வை அவற்றுக்குக் குறையாத அளவில் பாதித்துள்ளது என்பது எமது கருத்தாகும்.

சட்டமூலமொன்று சபாநாயகரின் சான்றுரையுடன் சட்டமாகிவிட்டால், அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாதென அவ்வுறுப்புரை கூறுகிறது. ஆட்சேபிப்போர் அது சட்டமூலமாக இருக்கும்போதே, குறுகிய கால எல்லைக்குள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும்.

1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதற்குக் கசப்பான உதாரணமாகும். அது மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றப்படவிருந்தமையால், சர்வஜன வாக்கெடுப்பு அவசியமா என்பதே உயர் நீதிமன்றத்தின் முன் எஞ்சியிருந்த கேள்வி. அவசியமில்லையெனத் தீர்மானிக்கப்பட்டது. 3 ஆண்டுகளுக்கென வந்த அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கவும் அது இடமளித்தது. பல்லாண்டுகளாகத் தமிழ் இளைஞர்கள் அதன் கீழ் சிறையிருந்தனர். 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களின் பின்னர் முஸ்லிம்கள் பலருக்கும் அதே கதி நேர்ந்தது.

பாதிக்கப்பட்டவர் 126 ஆவது உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்யலாமே என்பர். உண்மைதான். கைதுசெய்த அதிகாரியின் செயலை அவர் கேள்விக்குட்படுத்தலாம். அந்த அதிகாரத்தை வழங்கிய சட்டத்தையல்ல. தடுப்புக்காவல் காலம் 12 மாதங்களாகக் குறைந்தது 2022 இல்தான். அதுவும் பாராளுமன்றம் செய்த திருத்தம்; ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை தொடர்பான ஐரோப்பிய அழுத்தத்தின் மத்தியில் செய்யப்பட்டது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தால் இயலாததை ஆடை ஏற்றுமதி பற்றிய கவலை ஓரளவேனும் சாதித்தது போலும்!

முன்னர் நிலைமை வேறு. சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆவது பிரிவு ஓர் இனத்தையோ மதத்தையோ பாரபட்சமாக நடத்தும் சட்டங்களைத் தடைசெய்தது. 1972 இல் அது கைவிடப்பட்டது. அப்பிரிவைப் போற்றிப் புகழ நாம் முன்வரவில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டிய வழக்கு 1953 இல் பிரிவிக் கவுன்சில் வரை சென்றும் தோற்றது. எனினும், நிறைவேறிய சட்டத்தை எதிர்த்து வாதிட அன்று ஒரு மன்றமாவது இருந்தது.

ஆகவே, புதிய வரைபொன்று வெளிவருமாயின், தமிழ், முஸ்லிம் பிரதிநிதிகள் உரிமைப் பட்டியலின் நீளத்தை அளப்பதற்கு முன்னர் 80(3) நீக்கப்பட்டுள்ளதா என நோக்கவேண்டும். நீக்கப்பட்டிருந்தால், ஏற்கெனவே நிறைவேறிய சட்டங்களுக்கும் நீதிமன்ற மீளாய்வு பொருந்துமா என்பதையும் தெளிவாகக் கேட்டறிய வேண்டும். பொருந்தாதெனில், பழைய சட்டங்கள் யாவும் மீண்டும் அதே பாதுகாப்பைப் பெற்றுவிடும்.