வேலையை விட்ட டாக்டரும் விழுந்த இலைகளும்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று சில மாநிலங்கள். மொத்தமாக நியூ இங்கிலாந்து என்பார்கள். அக்டோபரில் அங்கே மேப்பிள் மரங்கள் தீப்பிடித்த மாதிரி நிற்கும். 'இலை பார்க்க' வரும் கூட்டத்தில் ஓட்டல் ரூம் கிடைப்பது கஷ்டம். அங்கே வேலைக்குப் போன நண்பர் அனுப்பிய போட்டோ உங்களிடமும் இருக்கும். அவருக்கும் அவர் மனைவிக்கும் பின்னால், கொஞ்சம் இடம் கிடைத்து, சிவப்பாகத் தெரிகிறதே, அதுதான்.

அந்த இலைகளை ஒழுங்காகப் படமெடுத்தவர் எலியட் போர்ட்டர் (1901-1990). தொழிலால் டாக்டர். ஹார்வர்டில் மருத்துவம் படித்து, அங்கேயே பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தபடி, ஓய்வு நேரத்தில் காமிராவோடு அலைந்தார். 1938 கடைசியில், புகைப்பட உலகின் பீஷ்மரான ஸ்டீக்லிட்ஸ் தன் நியூயார்க் காலரியில் இவர் படங்களை மாட்டினார். அவ்வளவுதான். 1939-ல் மனுஷர் வேலையை விட்டார். (ராஜினாமாவுக்குப் பேப்பர் தேடாதீர்கள். அவர் வீட்டில் சொத்து இருந்தது.)

சொத்து இருந்தும் காத்திருப்பது தப்பவில்லை. அந்த நாளில் கறுப்பு வெள்ளைதான் கலை. கலர் என்றால் சோப்பு விளம்பரம். இவரோ கலரை விடுவதாக இல்லை. அந்தப் படங்களைத் தோரோவின் வாசகங்களோடு சேர்க்கலாமே என்று யோசனை சொன்னவர் மனைவி அலைன். பொருத்தமான யோசனை. இலையுதிர்கால நிறங்களைப் பற்றித் தோரோ ஒரு தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். அது அச்சானது 1862 அக்டோபரில். அவர் காசநோயில் இறந்தது அதே வருஷம் மே மாதம், 44 வயதில்.

பப்ளிஷர்கள் 'செலவு கட்டாது' என்று கையை விரித்தார்கள். கடைசியில் சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1962-ல் புத்தகத்தைக் கொண்டுவந்தது. விலை 25 டாலர். அப்போது அது பெரிய தொகை. இருந்தும் விற்றது. ஆசிரியர் அதற்குள் அறுபதை எட்டியிருந்தார்.

போர்ட்டரின் படங்களில் சிவந்த மலை, நீல வானம் எல்லாம் அதிகம் கிடையாது. ஸ்டாண்டில் பெரிய காமிராவை வைத்து, பெரும்பாலும் காலடியையே பார்த்தார். பாறை இடுக்கில் நாலு இலை, குட்டையில் மிதக்கும் சருகு. வெயிலைவிட மேகமூட்டம் அவருக்குப் பிடித்தது. காரணம் இருக்கிறது. வெயிலில் இலைமேல் ஒரு வெள்ளைப் பளபளப்பு வந்து நிறத்தைத் தின்றுவிடும். மேகம் மூடினால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும்.

பயோகெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். பகல் குறையத் தொடங்கியதும் மரம் இலையிலுள்ள சத்தைக் கிளைக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. அப்போது தெரியும் மஞ்சள் புதுசு இல்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்ததுதான், பச்சை மறைத்திருந்தது. மேப்பிளின் சிவப்புதான் ஆச்சரியம். அது பெரும்பாலும் அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகத் தயாராவது. சீக்கிரம் உதிரப்போகிற இலைக்கு எதற்கு இந்தப் புது உற்பத்தி என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். எனக்குப் பதில் வேண்டியதில்லை. உதிரும்வரை உற்பத்தி நிற்கவில்லை, அது போதும்.

நமக்கு அக்டோபரில் மழைதான். ஆனால் வாதாங்கொட்டை மரம் தெருவுக்குத் தெரு இருக்கிறது. உதிர்வதற்கு முன் அதன் இலைகளும் சிவக்கின்றன. அடுத்த முறை மேகம் மூடிய காலை வேளையில், பஸ் வருவதற்குள் செல்போனைக் கீழ்நோக்கிப் பிடித்து ஒன்றே ஒன்று எடுங்கள். பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, அந்த இலையை ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள்.

பஸ் எப்படியும் லேட்டாகத்தான் வரும்.