கிருமி என்று திட்டாதீர்கள்!

குட்டி நண்பர்களே, தென்பெண்ணை ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா? கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி, கடலூர் அருகே கடலில் கலக்கிற ஆறு அது. அண்மை ஆண்டுகளில் கெலவரப்பள்ளி அணையைத் திறந்தபோது பலமுறை வெள்ளை நுரை மலை மலையாகப் பொங்கியது. படத்தில் பார்த்தால் பஞ்சு மிட்டாய் போல இருக்கும். பக்கத்தில் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்!

"எல்லாம் கிருமிகள் செய்கிற வேலை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நுரைக்கு முக்கியக் காரணம், கழிவுநீரோடு சேர்ந்து வரும் சோப்புத் தூளும் ரசாயனங்களும்தான். நாம் செய்த தப்புக்கு வாயில்லாத நுண்ணுயிர்கள் மேல் பழி போடலாமா?

அந்தச் சேற்றுக்குள் இருக்கும் ஒரு கூட்டத்துக்காகத்தான் இன்று உங்களிடம் வாதாட வந்திருக்கிறேன். அவற்றின் பெயர் ஆர்க்கியா.

'நுண்ணுயிர்தானே, பாக்டீரியாவாகத்தான் இருக்கும்' என்று நினைக்கிறீர்களா? விஞ்ஞானிகளும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1969-ல் விட்டேக்கர் சொன்ன ஐந்துலக வகைப்பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் 'மொனிரா' என்ற ஒரே கூடையில்தான் இவையும் பாக்டீரியாவும் கிடந்தன. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தானே தெரிகின்றன!

அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் உருவத்தைப் பார்க்கவில்லை. செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் இருக்கிற ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தார். 1977-ல் அவரும் ஜார்ஜ் ஃபாக்ஸும், "இவை பாக்டீரியாவே அல்ல, தனிக் குடும்பம்" என்று அறிவித்தார்கள். பல அறிஞர்கள் நம்பவில்லை. ஆனால் சான்றுகள் சேர்ந்துகொண்டே போயின. 1990-ல் உயிர்கள் அனைத்தையும் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்று மூன்று பெரும் பிரிவுகளாக வோஸும் அவருடைய நண்பர்களும் பிரித்தார்கள். நீங்கள், நான், மாமரம், காளான் எல்லாம் மூன்றாவது பிரிவு!

ஆர்க்கியாவுக்குள் எத்தனை விதம் தெரியுமா? 'மெத்தனோபைரஸ்' என்ற ஒன்று 122 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பெருகுகிறது என்று 2008-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினார்கள். தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தானே! கடும் உப்பு நீரில் வாழ்பவை சில. உப்பளத் தண்ணீர் சில சமயம் இளஞ்சிவப்பாகத் தெரிவதற்கு இவையும் காரணம். அவற்றில் ஒன்று தபால்தலை போலச் சதுர வடிவம்! 'பிக்ரோஃபிலஸ்' என்பதோ எலுமிச்சைச் சாற்றைவிடப் பல மடங்கு புளிப்பான அமிலத்தில் வாழும். சாதாரண மண்ணிலும் கடலிலும்கூட ஆர்க்கியா உண்டு.

ஓசூர் கதைக்கு வேண்டியவை, மீத்தேன் வாயுவை உண்டாக்கும் ஆர்க்கியாதான். இவற்றுக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது. மாட்டின் வயிறு, வயல் சேறு, சாண எரிவாயுக் கலன் ஆகியவை இவற்றின் வீடுகள். ஏரியில் கழிவுநீர் சேர்ந்தால், அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகி, நீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். அடிச்சேற்றில் இந்த ஆர்க்கியா குடியேறி மீத்தேனை வெளியிடும்.

பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்துச் செய்தியானது. அதற்கு மீத்தேனும் ஒரு காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த ஏரி வழிந்து வர்த்தூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து தென்பெண்ணையில் சேரும். பிறகு? கெலவரப்பள்ளிதான்! நம் விவசாயிகள் அந்தத் தண்ணீரைத்தான் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும்.

"ஆர்க்கியாதான் கழிவைத் தின்கிறதே, ஏரியிலேயே தின்னட்டுமே" என்று நீங்கள் கேட்கலாம். கூடாது. ஏரியிலிருந்து கிளம்பும் மீத்தேன் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும். அதே ஆர்க்கியாவை மூடிய தொட்டிக்குள் வேலை செய்ய விட்டால் அடுப்பெரிக்க வாயு கிடைக்கும். சேலம் பக்கம் பல ஜவ்வரிசி ஆலைகள், தங்கள் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுக்கின்றன. சென்னை கொடுங்கையூர், கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர்க் கசடிலிருந்து வாயு எடுத்து மின்சாரம் தயாரித்திருக்கிறார்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: ஆர்க்கியாவைத் தொட்டியில் வேலைக்கு வைப்போம், ஆற்றில் அல்ல! எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரும் சரி, இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் நிறைந்த ஓசூரும் சரி, கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது. ஆறு, மாநில எல்லைக் கல்லைப் பார்த்துவிட்டா ஓடுகிறது?

நீங்கள் என்ன செய்யலாம்? உங்கள் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் விடாதீர்கள், ஆசிரியரிடம் கேளுங்கள். சாண எரிவாயுக் கலன் இருக்கும் வீட்டுக்குப் பெரியவர்களோடு போய்ப் பாருங்கள். நுரையை மட்டும் விளையாட்டுக்குக்கூடத் தொடாதீர்கள்!

இன்னொரு செய்தி. 2015-ல் ஆர்க்டிக் பகுதிக் கடலடிச் சேற்றில் ஒருவகை ஆர்க்கியாவின் தடயம் கிடைத்தது. நம் உடல் செல்கள் தோன்றிய வம்சத்துக்கு அதுதான் மிக நெருங்கிய சொந்தம் என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். சொந்தக்காரரைப் போய்க் கிருமி என்று திட்டலாமா, சொல்லுங்கள்?