கையும் கருத்தும்

நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு முதல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடம் கற்பிக்கப்படுகின்றது. தைத்தல், சமைத்தல், பயிரிடுதல் எனக் கையால் செய்து அறியவேண்டியவை பல இதனுள் அடங்கும். ஆயின், ஒரே வகுப்பில் அமரும் பிள்ளைகள் ஒரே இயல்பினர் அல்லர். துணிந்து கருவியை எடுப்பவர் சிலர். தவறிவிடுமோ என அஞ்சிப் பின்வாங்குபவர் சிலர். தொடங்கியதைப் பாதியில் விட்டுத் தாவுபவர் சிலர். இவர்கள் அனைவர்க்கும் தொழிற்பாடத்தை எங்ஙனம் கற்பிப்பது?

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் எனப் பிள்ளைகளை வகைப்படுத்தி, அவரவர்க்கேற்பக் கற்பிக்கவேண்டும் என்பார் உளர். இக்கொள்கையை 2008இல் பாஷ்லர் முதலிய அமெரிக்க உளவியலறிஞர் நால்வர் ஆராய்ந்தனர். அவ்வாறு பிரித்துக் கற்பிப்பதால் பயன் மிகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். மின்கலம், கம்பி, விசை, மின்குமிழ் ஆகியவற்றைப் படமாக வரைந்து காணவேண்டும், விளக்கத்தைக் கேட்கவேண்டும், தானே இணைத்தும் பார்க்கவேண்டும். குமிழ் எரியாவிடின், சுற்று எங்கே அறுபட்டுள்ளது எனச் சிந்திக்கவேண்டும். இவற்றுள் ஒன்றை மட்டும் ஒரு பிள்ளைக்கு அளித்தல் அப்பிள்ளைக்கு இழைக்கும் குறையாகும்.

தோட்டப்புறத்தில் இக்குறை பெருந்தீங்காக வளரக்கூடும். “இவன் கைவேலைக்குத்தான் ஆவான்” என்று பத்து வயதுச் சிறுவனைக் குறித்துக் கூறும் சொல், பாராட்டுப் போலத் தோன்றினும், அவன் கையிலிருந்து நூலைப் பறிக்கும் தீர்ப்பாகிவிடும். கைவேலையில் அறிவுக்கு இடமில்லை என்று யார் கூறினர்? தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து பதமாக வாடிவிட்டதா என்பதைத் தொட்டும் முகர்ந்தும் உணரும் தொழிலாளியிடம் இருப்பது அறிவே அன்றோ? 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும், கைத்தொழிலின் வழியே பிற பாடங்களையும் கற்பிக்க முனைந்ததே.

எனவே, பாடம் அனைவர்க்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆசிரியர் காட்டும் துணையே அவரவர் இயல்புக்கேற்ப மாறவேண்டும். அஞ்சும் பிள்ளைக்கு முதலில் சிறு பணியும் போதிய நேரமும் தரலாம். விரைந்து முடிப்பவரிடம், செய்ததைச் சோதித்துக் காரணம் கூறுமாறு கேட்கலாம். நால்வர் குழுவில் ஒருவரே கருவியைப் பற்றிக்கொண்டிருந்தால், மற்ற மூவர் வெறும் பார்வையாளரே. கருவி முறைவைத்துக் கைமாறுதல் நன்று. ஆண்பிள்ளைகள் திருகாணி முடுக்க, பெண்பிள்ளைகள் மேசை துடைக்கும் வழக்கம் அறவே ஒழியவேண்டும்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், மதிப்பெண் ஒன்றையே நோக்கிப் பிள்ளைகளை விரட்டவேண்டிய கட்டாயம் குறைந்துள்ளது. இவ்வாய்ப்பை வீணாக்குதல் தகாது.

அன்புப் பெற்றோரே! வீட்டில் கைவிளக்கு பழுதுற்றால் மின்கலத்தைக் கழற்றிப் பிள்ளையிடம் அதனைக் கொடுத்துப் பாருங்கள். ஏன் எரியவில்லை என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். தொழிற்சாலையில் தேயிலையைச் சலித்துத் தரம் பிரிப்பது முறையே. பத்து வயதுப் பிள்ளைகளைச் சலிக்க எவர்க்கும் உரிமையில்லை என்பதே எம் துணிபு.