தொட்டறியும் இயந்திரம் வரட்டும். தொட்டறியும் கையை முதலில் காப்போம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கிராமத்தில் தீவனப் பயிர்ப் பயிற்சி முடிந்து, கறவை மாடு வளர்க்கும் ஒருவர் வீட்டில் மோர் குடித்துக்கொண்டிருந்தேன். சுவரில், சட்டை மாட்டும் ஆணியில் ஒரு செயற்கைக் கை தொங்கியது. புல் நறுக்கும் இயந்திரத்தில் அவருடைய வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது.

"இதை மாட்டிக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் காட்சிக்குப் போனா மாட்டிக்குவேன் சார். பால் கறக்க உதவாது. காம்பு எங்க இருக்கு, எவ்வளவு அழுத்துறோம்னு அதுக்குத் தெரியாதே" என்றார்.

அவர் சொன்ன அந்தக் குறைக்குத்தான் உலகின் பல ஆய்வுக்கூடங்கள் விடை தேடிக்கொண்டிருக்கின்றன.

நம் ஒரு கையின் உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலும் தொடுதலை உணரும் நரம்பிழைகள் சுமார் 17,000 உள்ளன என்று சுவீடன் ஆய்வாளர்கள் 1979-இல் கணக்கிட்டனர். அழுத்தம், அதிர்வு, தோல் இழுபடுவது, பொருள் நழுவுவது எல்லாவற்றையும் இவை மூளைக்குச் சொல்கின்றன. தக்காளி விரலிலிருந்து நழுவத் தொடங்கினால், நாம் யோசிப்பதற்குள் விரல் பிடியை இறுக்கிவிடுகிறது. நசுங்கும் அளவுக்கு இறுக்குவதும் இல்லை.

இந்தத் திறனை இயந்திரத்துக்குக் கொடுக்கத்தான் தொடு உணரி வரிசைகளை உருவாக்குகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2019-இல் ஒரு பின்னல் கையுறையில் 548 உணரிகளைப் பொருத்திக் காட்டினார்கள். அமைப்பு எளிமையானது. அழுத்தினால் மின்தடை மாறும் மெல்லிய படலம் ஒன்று. அதன் மேலும் கீழும் மின்சாரம் கடத்தும் நூல்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக. பாயில் கோரையும் நூலும் சந்திப்பதுபோல, நூல்கள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் ஓர் உணரி. கையுறையை அணிந்து 26 பொருள்களை எடுத்துப் பிடித்தார்கள். அப்போது பதிவான அழுத்தங்களைக் கொண்டு, கையில் இருப்பது எது என்று சொல்லக் கணினி பழகியது. கையுறையின் செலவு சுமார் 10 டாலர்தான்.

செயற்கைக் கையிலும் முன்னேற்றம் உண்டு. பட்டாசு விபத்தில் இடது கையை இழந்த டென்மார்க்காரர் ஒருவருக்கு, 2013-இல் ரோம் நகரில், செயற்கை விரல்களின் உணரிகளை மேற்கை நரம்புகளில் வைத்த மின்முனைகளோடு இணைத்தார்கள். கண்ணைக் கட்டிய நிலையிலும் எது மென்மை, எது கடினம் என்று அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அது சோதனை. ஒரு மாதத்தில் மின்முனைகளை எடுத்துவிட்டார்கள்.

வயலுக்கும் இது வரத் தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், எளிதில் நசுங்கும் ராஸ்பெர்ரி பழத்தைப் பறிக்க ரோபோவுக்குப் பயிற்சி கொடுக்க, உணரி பதித்த சிலிக்கோன் பழம் ஒன்றையே செய்தார்கள். எவ்வளவு இழுத்தால் பழம் காம்பை விடும், எவ்வளவு அழுத்தினால் நசுங்கும் என்பதை அந்தப் போலிப் பழம் ரோபோவுக்குக் கற்றுக்கொடுத்தது.

இதை எல்லாம் நான் வரவேற்கிறேன். ஆட்பற்றாக்குறையை நேரில் பார்ப்பவன் வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் இந்த ஆய்வுகள் எனக்கு உணர்த்தியது வேறொன்று. இத்தனை அறிவும் பணமும் செலவிட்டும் இன்னும் முழுமையாகச் செய்ய முடியாத ஒரு பொருள், நம் ஒவ்வொருவரின் தோளிலும் இரண்டு தொங்குகிறது. அதை நாம் மூடி இல்லாத இயந்திரத்துக்குள் நீட்டுகிறோம்.

எனவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கையைக் காப்பது. ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்தது. விசைக் கதிரடிப்பானை அந்தச் சட்டம் நேரடியாகவே குறிப்பிடுகிறது. மற்ற வேளாண் இயந்திரங்களை அறிவிக்கை மூலம் சேர்க்கவும் அதில் இடமுண்டு. சட்டப் புத்தகத்தில் இருப்பது மாட்டுக் கொட்டகைக்கு வர வேண்டும். மானியத்தில் புல் நறுக்கும் கருவி வழங்கும்போது, கை உருளையை எட்டாத அளவுக்கு நீளமான, மேலே மூடிய தீவனத் தொட்டி இருக்கிறதா, கத்திக்கு மூடி இருக்கிறதா, உருளையைப் பின்னோக்கிச் சுழற்றும் நெம்புகோல் வேலை செய்கிறதா என்று அலுவலர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இல்லாத கருவிக்கு மானியமும் வேண்டாம்.

இரண்டாவது, கையை இழந்தவர்களுக்கான உதவி. செயற்கைக் கை வழங்கும் முகாம்களில் அளவு எடுக்கிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். மண்வெட்டி பிடிப்பவருக்கும் பால் கறப்பவருக்கும் ஒரே கை உதவாது. தொடு உணரி உள்ள கைகளை நம் பொறியாளர்கள் வடிவமைக்கும்போது, சேறு, தண்ணீர், வியர்வை மூன்றையும் தாங்குமா என்பதே முதல் சோதனையாக இருக்கட்டும்.

மூன்றாவது, நம் கைகளின் அறிவைப் பதிவு செய்வது. ராஸ்பெர்ரியில் பழகிய ரோபோவுக்கு நம் மல்லிகை அரும்பும் வெற்றிலைக் காம்பும் தெரியாது. விடியுமுன் அரும்பு பறிக்கும் பெண்ணின் விரலுக்குத் தெரியும். உணரிக் கையுறை அணிவித்து அந்த விரல்களின் அழுத்தத்தை நம் வேளாண் பல்கலைக்கழகங்கள் அளக்கலாம். அதற்காக அவருக்குக் கூலியும், ஆய்வு அறிக்கையில் உரிய மதிப்பும் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் அவரிடம் பாடம் கற்றுக்கொண்டு, அவர் வேலைக்கே இயந்திரத்தைக் கொண்டுவருவது நியாயம் ஆகாது.

பின்னவை இரண்டும் ஆண்டுக்கணக்கில் ஆகும். முதலாவதை நாளையே தொடங்கலாம். காலையில் தீவனம் நறுக்கும் முன் உங்கள் இயந்திரத்தை ஒரு முறை பாருங்கள். மூடி கழன்றிருந்தால் மாட்டுங்கள். புல் அடைத்துக்கொண்டால், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் கையை உள்ளே விடுங்கள். தொங்கும் துண்டை அவிழ்த்து வையுங்கள்.

நான் மோர் குடித்த அந்த வீட்டில், இப்போது புல் நறுக்குவது அவருடைய மகன். அந்த இயந்திரத்துக்கு மூடி போட்டாயிற்று.