“தீபாவளிக்கு வர முடியாது, சம்மதமா?”

எண்ணெய் மேடைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தேன். தொடக்கத்தில் நானும் எல்லோரையும் போலத்தான். சான்றிதழ் இருக்கிறதா, மருத்துவப் பரிசோதனையில் தேறினாரா, சம்பளம் ஒத்துவருமா, அவ்வளவுதான் கேட்பேன். கிள்ளானிலிருந்து வந்த ஒரு வெல்டர் தம்பியை அப்படித்தான் திரங்கானு கடலுக்கு அனுப்பினேன். அருமையான வேலைக்காரர். நான்காம் நாள் மேடையிலிருந்து தொலைபேசி: “அண்ணே, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். என்னை இறக்கிவிடச் சொல்லுங்க.”

நினைத்த இடத்தில் இறங்க அது பேருந்தா? கெர்த்தேயிலிருந்து ஹெலிகாப்டர் போக வேண்டும். அது டிசம்பர் மாதம், கிழக்குக் கரையில் பருவமழை. காற்று அடங்கி அவர் கரைக்கு வர இரண்டு நாள் ஆயிற்று. அப்பாவை உயிரோடு பார்த்துவிட்டார், நல்லவேளை. அவர் அப்பா டயாலிசிஸ் செய்துகொள்பவர். தம்பி அதை மறைக்கவில்லை, நான்தான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நானே ஒருமுறை போய்ப் பார்த்தேன். போவதற்கே பயிற்சி முடிக்க வேண்டும். ஹெலிகாப்டர் கூடு போன்ற ஒன்றில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, குளத்தில் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும்போது சம்பளம் நினைவுக்கு வராது! ஏறும் முன் நம்மையும் பையையும் எடை போடுகிறார்கள். லைட்டர் கூடாது, மது அறவே கூடாது. மேடையில் 12 மணி நேர வேலை, சனி ஞாயிறு கிடையாது. அறையில் உடனிருப்பவர் இரவு ஷிப்ட் என்றால், பகலில் நாம் பூனை நடை நடக்க வேண்டும். சாப்பாட்டை மட்டும் குறை சொல்ல முடியாது.

1988 ஜூலை 6இல் வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகலில் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டினார்கள். அதனால்தான் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: “மேற்பார்வையாளர் தப்பாக ஒன்றைச் செய்யச் சொன்னால்?” “சொன்னதைச் செய்வேன் சார்” என்று பதில் வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று நாம்தானே வளர்க்கிறோம்.

கடைசியாக ஒன்று கேட்பேன்: “தீபாவளியன்று மேடையில் இருக்க நேர்ந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்?” “அதெல்லாம் பரவாயில்லை” என்று உடனே சொல்பவரை விட்டுவிட்டு, “மனைவியிடம் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்” என்பவரைத்தான் எடுப்பேன். நிறுவனத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை, தாமதமாகிறது என்றார்கள்.

வெல்டர் தம்பி இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு பட்டறையில் இருக்கிறார். சம்பளம் குறைவுதான். வாரத்துக்கு மூன்று முறை, அப்பாவை டயாலிசிசுக்கு அவரே மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகிறார்.