நின்னுபோன பீரும் சுண்ணாம்புக் கலயமும்

போன வாரம் புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து அண்ணன் மகன் போன் பண்ணினான். "சித்தப்பா, பீர் நின்னுபோச்சு!" மாட்டுக்கு நோவு வந்த மாதிரி குரல். பிளாஸ்டிக் வாளியில மால்ட் கரைச்சு, ஈஸ்ட் போட்டு, 16 டிகிரி ஏ.சி.யில வச்சிருக்கான். ரெண்டு நாள் நுரைச்சதாம், மூணாம் நாள் குமிழியே இல்லையாம். அரைக் கிலோ சர்க்கரை கொட்டப் போறேன்னான். (வீட்ல காய்ச்ச லைசென்ஸ் இருக்காடான்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டான்.)

சர்க்கரையைக் கீழ வைடான்னேன். ஜுரத்துல படுத்தவனுக்கு யாராவது பிரியாணி ஊட்டுவாங்களா? குமிழி நின்னா நொதிப்பு நின்னுச்சுன்னு அர்த்தமில்லை. மூடி இறுக்கமா இல்லாட்டி காத்து பக்கவாட்டுல போயிடும். ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பார். 1.010 பக்கம் வந்து, மூணு நாள் அசையாம இருந்தா வேலை முடிஞ்சுது. 1.020-க்கு மேலயே நின்னா ஈஸ்ட் குளிர்ல தூங்குது, ஏ.சி.யை 22-க்கு ஏத்தி, வாளியை மெதுவா ஒரு ஆட்டு ஆட்டு. அவசரப்பட்டு பாட்டில்ல அடைச்சே, வெடிச்சு கண்ணைப் பறிச்சுடும்.

மறுநாள் குமிழி வந்துடுச்சாம். சந்தோஷத்துல சொன்னான்: "கள்ளு மாதிரி இல்ல சித்தப்பா, இது சயின்ஸ்."

அங்கதான் எனக்குச் சுருக்குன்னுது.

1876-ல பீரைப் பத்தியே ஒரு புத்தகம் போட்டவர் பாஸ்தர். அப்ப இந்த ஊரும் பிரெஞ்சுக்காரன் கையிலதான் இருந்தது. பீரை நொதிக்க வைக்கிற ஈஸ்ட்தான் பனங்கலயத்துலயும் வேலை செய்யுது. பாக்கெட் வாங்க வேணாம். காத்துலயும் பழைய கலயத்துச் சுவர்லயும் இருக்கு. காலையில கட்டினா சாயங்காலம் நுரை தள்ளும். எங்க பாடு அதை நிறுத்தறதுதான். உள்பக்கம் சுண்ணாம்பு தடவினா சாறு காரமாயிடும், ஈஸ்ட் தலைதூக்காது, இறங்கறது பதநீர். மரமேறி இதைச் செஞ்சா மட்டும் சயின்ஸ் இல்லையா?

பாகூர் பக்கம் வரப்பைத் தாண்டினா கடலூர் மாவட்டம். இங்க உரிமம் இருந்தா கள்ளு இறக்கலாம். அங்க 1987-லேர்ந்து கள்ளு குற்றம், சுண்ணாம்பு தடவினாத்தான் தப்பிக்கலாம். ஒரே மண்ணு, ஒரே வெயில், ஒரே பனை. நொதிப்பையே சட்டம் போட்டு நிறுத்தினவங்க, 42.8 சதவீத பிராந்தியை அரசாங்கக் கடையிலேயே விக்கிறாங்க. நாலஞ்சு சதவீதக் கள்ளுதான் குடியைக் கெடுக்குதாம்!

"கள்ளுல மருந்து கலக்கறாங்களே"ன்னு கேப்பீங்க. கலக்கறானுங்கதான், இல்லேங்கல. கலக்கறவனைப் பிடி. பால்ல தண்ணி ஊத்தறான்னு யாரும் மாட்டைத் தடை பண்ணலியே? குடிங்கன்னும் நான் சொல்லல. குடிச்சு அழிஞ்ச குடும்பம் எங்க தெருவுலயே இருக்கு. ஆனா வாளிக்குக் குடுக்கற மரியாதையைக் கலயத்துக்கும் குடுங்க. எங்க ஊர்ல மரமேற ரெண்டே பேர்தான் மிச்சம். ரெண்டு பேருக்கும் அறுபது தாண்டியாச்சு.

ஞாயித்துக்கிழமை அந்தப் பயலை ஹைட்ரோமீட்டரோட வரச் சொல்லியிருக்கேன். ஒரே மரத்துல ரெண்டு கலயம் கட்டப் போறோம், ஒண்ணுல சுண்ணாம்பு, ஒண்ணுல இல்லாம. அளந்து பாக்கட்டும்.