வேலை போனால் வீடும் போகும்!

தோழர்களே! நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் ஒருவனை நீக்கினால் போவது கூலி மட்டுமா? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையோடு வீட்டையும் பிணைத்தது. வேலை போனால் லைன் வீடும் போகும். அங்கே ஒருவன் தன்பாலீர்ப்பாளன் என்றால் வாய் திறப்பானா?

2018 செப்டம்பர் 6இல் உச்சநீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. சிறையச்சம் தீர்ந்தது, முதலாளியச்சம் தீர்ந்ததா? 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்க்கு வேலைக் காப்பு எழுதிற்று, தன்பாலீர்ப்பாளரை மறந்தது. அலிகார் பேராசிரியர் சிராஸ் 2010இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். அலகாபாத் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சில நாட்களில் அவர் பிணமாகக் கிடந்தார்!

1970களில் அமெரிக்காவில் கூர்ஸ் பீர் கம்பெனி, வேலை கேட்டு வந்தவரைப் பொய்யறியும் கருவியில் அமர்த்தி இதை உசாவிற்று என்று கொதித்தனர். லாரி ஓட்டுநர் சங்கம் சான்பிரான்சிஸ்கோவில் ஹார்வி மில்க்கிடம் துணை கேட்டது. "எங்களவர்க்கும் ஓட்டுநர் வேலை தருக" என்பதே அவர் நிபந்தனை. சங்கம் இசைந்தது, மதுக்கடைகள் கூர்ஸை மறுத்தன. 1978இல் பாகுபாடு கூடாதெனக் கம்பெனி விதி எழுதிற்று. (மதுவிலக்குத் தோழர்கள் முறைக்கவேண்டாம், குடிக்க மறுத்த கதைதான் இது!)

நம் மலையில்? குன்னூர் ஏலத்துக்குப் போன தேயிலை பல தோட்டத்துத் தூளோடு கலந்துவிடும். அதைப் புறக்கணித்தால் பட்டினி கிடப்பவள் கொழுந்து பறிப்பவளே. உதகை விடுதிக்கோ பெயர்ப்பலகை உண்டு! பாகுபாடு மெய்யானால் அங்கே மாநாட்டுக்கு அறை எடுக்காதீர்.

அதற்குமுன், நீக்கப்பட்டவன் முறையிட வரும்போது நம் சங்க அலுவலகத்தில் நகைப்பொலி எழலாகாது. அடுத்த ஊதிய ஒப்பந்தக் கோரிக்கையில் அவனுக்கான வரியை நாமே முதலில் எழுதுவோம்.